வளவு வீட்டுக்கு எந்தக் கரண்ட் சரி?

முற்றத்தைச் சுற்றிக் கட்டிய வளவு வீடுகள் நிறைந்த செட்டிநாட்டில் பங்காளிகள் கூடும் இடமெல்லாம் இப்போது இந்தப் பேச்சு வந்துவிடுகிறது. முன்னோருக்குப் படையல் போடும் படைப்புக்குக் கூடினாலும் சாந்திக் கல்யாணத்துக்குக் கூடினாலும், பந்தி முடிந்து வெற்றிலை போடும் நேரத்தில் யாராவது ஒருவர் "வீட்டுக்குச் சோலார் போட்டுவிடலாமா?" என்று ஆரம்பிக்கிறார். சென்னை அண்ணன் "பெரிய ஜெனரேட்டர் ஒன்று வாங்கிப் போட்டால் போதும்" என்பார். சிங்கப்பூரிலிருந்து வந்த தம்பி "பேட்டரி வைத்துவிட்டால் இபியே வேண்டாம்" என்பார். ஊரிலேயே இருக்கும் பெரியவர் "இருக்கிற கரண்ட் போதும், கூரை ஓட்டைத் தொடாதீர்கள்" என்பார். மூன்றிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் மூன்றும் மூன்று வேறு வீடுகளுக்குப் பொருந்தும் யோசனைகள். அந்த நேரத்தில் கம்பெனிக்காரர் ஒருவர் பத்து கிலோவாட்டுக்குக் கொட்டேஷன் கொடுத்துவிட்டுப் போயிருந்தால் பேச்சு அதைச் சுற்றியே நின்றுவிடும். நம் வீட்டுக்கு என்ன தேவை என்ற கணக்கு யாரிடமும் இருக்காது.

இதே கேள்விக்கு வெப்பமண்டலத்துச் சின்ன நாடுகளும் தீவுகளும் பெரிய அளவில் விடை தேடியிருக்கின்றன. டீசலில் தொடர்வதா, வெயிலுக்கு மாறுவதா, பேட்டரி எவ்வளவு, பணம் யார் போடுவது என்று அவர்கள் எடுத்த முடிவுகளின் பலன் இன்று கண்முன்னே இருக்கிறது. அவற்றில் சில, நம் முன்னோர் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்யப் போன ஊர்கள்தான். அதனால் நம் வீட்டுக் கணக்கை அவர்கள் அனுபவத்தோடு வைத்துப் பார்க்கிறேன்.

நமக்குப் பின்னால் இருக்கும் கிரிட்

தீவுக்கும் நமக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. 2013 டிசம்பர் 31 அன்று தென்மாநிலங்களின் மின்தொகுப்பு (கிரிட்) வடக்கோடு இணைந்தது. அன்றிலிருந்து காரைக்குடியில் எரியும் பல்பும் காஷ்மீரில் எரியும் பல்பும் ஒரே தொகுப்பில்தான் எரிகின்றன. எங்கோ ஓர் அனல்மின் நிலையம் திடீரென்று நின்றாலும் மற்ற இடங்கள் அந்தப் பளுவைத் தாங்கிக்கொள்ளும்.

இலங்கைக்கு அந்த வசதி இல்லை. 2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறைத் துணைமின் நிலையத்தில் ஒரு குரங்கு மாட்டியது. நாடு முழுவதும் இருண்டது. விடுமுறை நாள் என்பதால் தேவை குறைவு, நல்ல வெயில் என்பதால் கூரைச் சோலார் அதிகம், மின்நிலையங்களில் சுழலும் பெரிய இயந்திரங்கள் குறைவு. அதிர்ச்சியைத் தாங்கும் கனம் அந்த நேரத்தில் தொகுப்பில் இல்லை. நுரைச்சோலை நிலக்கரி நிலையமும் நின்றுபோய், அது முழுதாகத் திரும்பும்வரை சில நாள் சுழற்சி முறையில் மின்வெட்டு இருந்தது. இரண்டு மாதம் கழித்து ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில், பகலில் கூரைச் சோலாரை அணைத்துவையுங்கள் என்று அந்நாட்டு மின்சார சபை மக்களைக் கேட்டுக்கொண்டது. வெயில் அதிகமாகி, வாங்க ஆளில்லாத நிலை.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தீவுக்காரர்கள் பேட்டரியில் கோடி கோடியாகப் போடுவது வேறு வழியில்லாததால். நாம் அவர்களைப் பார்த்து அப்படியே செய்தால், நமக்கு வாசலிலேயே கிடைப்பதை விலை கொடுத்து வாங்கியதாக ஆகும். இந்தக் கட்டுரையில் நான் எடுக்கும் முடிவுகள் எல்லாம் இந்த ஒரு விஷயத்தில் இருந்துதான் கிளம்புகின்றன.

டீசல்

மாலத்தீவில் மக்கள் வசிக்கும் தீவுகள் இருநூறுக்குக் கொஞ்சம் குறைவு. ஏறத்தாழ ஒவ்வொன்றுக்கும் தனித்தனி டீசல் மின்நிலையம். எண்ணெய் கப்பலில் வரவேண்டும், சின்னப் படகுக்கு மாறவேண்டும், கரையில் இறங்கவேண்டும். உலகச் சந்தையில் விலை ஏறினால் அடுத்த மாதமே அரசாங்கத்தின் கழுத்தில் கத்தி. இலங்கையில் 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததே, அதற்குக் காரணம் எண்ணெய் வாங்க டாலர் இல்லாததுதான். அந்தச் சமயத்தில் வீட்டில் ஜெனரேட்டர் வைத்திருந்தவர்களும் தப்பவில்லை, ஏனென்றால் பங்க்கிலும் டீசல் இல்லை.

நம் வீட்டுக் கணக்கு இது. சின்ன ஜெனரேட்டர் ஒரு லிட்டர் டீசலுக்கு மூன்று, மூன்றரை யூனிட் தரும். லிட்டர் தொண்ணூறு ரூபாய்க்கு மேல் விற்கும்போது எண்ணெய்ச் செலவு மட்டுமே யூனிட்டுக்கு முப்பது ரூபாயைத் தொடும். பெரிய ஜெனரேட்டரை வாங்கி நாலு ஃபேன், பத்து பல்புக்கு ஓட்டினால் இன்னும் மோசம். குறைந்த பளுவில் எண்ணெய் வீணாகும், சைலன்சரில் கரி படியும். பூட்டிக் கிடக்கும் வீட்டில் ஜெனரேட்டரை வைத்துவிட்டுப் போனால், ஒரு வருடம் கழித்து வந்து சாவியைத் திருகும்போது ஸ்டார்ட் ஆகாது. பேட்டரி செத்திருக்கும், டேங்கில் டீசல் கெட்டிருக்கும். மாதம் ஒரு தடவை ஓட்டிவிட ஆள் இருந்தால்தான் அது ஜெனரேட்டர். இல்லாவிட்டால் இரண்டாங்கட்டில் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் இரும்பு.

ஆனால் கல்யாணத்துக்கு டீசலை விட்டால் வழியில்லை. சீரியல் செட், மைக் செட், வாடகை ஏசி, அடுப்படியில் கிரைண்டர்கள் என்று மூன்று நாளைக்கு எகிறும் பளுவைச் சோலாரால் தாங்கவேண்டுமென்றால், அந்த மூன்று நாளுக்காக மீதி 362 நாளும் சும்மா கிடக்கும் பேட்டரியில் பணம் போடவேண்டும். அதற்கு வாடகை ஜெனரேட்டர்தான் சரி. காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் வண்டியோடு வந்து நிற்கும், டிரைவரே ஓட்டுவார், முடிந்ததும் போய்விடும். வீட்டில் செய்துவைக்கவேண்டியது ஒன்றே ஒன்று: மீட்டர் போர்டுக்குப் பக்கத்தில் ஒழுங்கான சேஞ்ச் ஓவர் சுவிட்ச். இபி லைனும் ஜெனரேட்டர் லைனும் ஒருபோதும் சேராதபடி அது பிரிக்கவேண்டும். அது இல்லாமல் வெறும் வயரைக் கடித்துச் சொருகி ஓட்டுவது, தெருக்கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனின் உயிரோடு விளையாடுவது.

இபியோடு சேர்ந்த சோலார்

ஆன்-கிரிட் என்று சொல்வது இதைத்தான். பகலில் பேனல் தருவதை வீடு எடுத்துக்கொள்ளும், மிச்சம் லைனுக்குப் போகும், இரவில் லைனிலிருந்து எடுப்போம், நெட் மீட்டர் இரண்டையும் கழித்துக் கணக்குப் பார்க்கும். பேட்டரி இல்லை, அதனால் விலை குறைவு. நம் பக்கத்து வெயிலுக்கு ஒரு கிலோவாட் பேனல் நாளொன்றுக்குச் சராசரி நான்கு யூனிட் தரும். ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் நூறு சதுர அடி, நிழல் விழாத இடம் வேண்டும்.

2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய சூர்ய கர் திட்டத்தில் வீடுகளுக்கு மானியம் உண்டு: 1 கிலோவாட்டுக்கு ₹30,000, 2 கிலோவாட்டுக்கு ₹60,000, 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் ₹78,000. மூன்றுக்கு மேல் எவ்வளவு போட்டாலும் மானியம் ஏறாது என்பதைக் கொட்டேஷன் பார்க்கும்போது நினைவில் வையுங்கள். தங்கும் விடுதியாக மாற்றி வணிக இணைப்பு வாங்கிய வீட்டுக்கு இந்த மானியம் கிடையாது. இபியோடு சேராத தனி அமைப்புக்கும் கிடையாது.

லாபம் யாருக்கு என்பதில்தான் பலர் தவறிவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் 2025 கட்டணப்படி வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டுக்குள் இருக்கும்வரை விலை மெதுவாகத்தான் ஏறும். 500-ஐத் தாண்டினால் 101 முதல் 200 வரை இருந்த சலுகை விலை போய்விடும், அடுத்தடுத்த படிகளும் செங்குத்தாக இருக்கும். 400 யூனிட் எரிக்கும் வீட்டுக்கு பில் ₹1,200 அளவில் வரும். 800 எரித்தால் ₹4,500-க்கு மேல். அளவு இரட்டிப்பு, பணம் நாலு மடங்கு கிட்டத்தட்ட. 800 யூனிட் வீட்டில் மூன்று கிலோவாட் போட்டால், இரண்டு மாதத்தில் 700 யூனிட்டுக்கு மேல் அதிலேயே வந்துவிடும். மானியம் போகக் கையிலிருந்து போட்டது நாலைந்து வருடத்தில் திரும்பும். 400 யூனிட் வீட்டில் இரண்டு கிலோவாட் போட்டாலும் போட்ட பணம் திரும்பப் பத்து வருடம்கூட ஆகலாம். பூட்டிய வீட்டுக்கோ பில்லே இல்லை, எதைக் கழிப்பது?

அடுத்தது, விற்பவர்கள் சொல்லாமல் விடும் விஷயம். கரண்ட் போனால் ஆன்-கிரிட் சோலாரும் நின்றுவிடும். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு முற்றத்தில் கால் வைக்க முடியாத வெயில் அடித்தாலும் ஃபேன் சுற்றாது. கோளாறில்லை, அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். லைன் அணைந்திருக்கும்போது நம் கூரையிலிருந்து கரண்ட் வெளியே போனால் கம்பத்தில் வேலை செய்பவர் சாவார். அதனால் லைன் இருக்கிறதா என்று இன்வெர்ட்டர் பார்த்துக்கொண்டே இருக்கும். இல்லையென்றால் அந்த நொடியே நிறுத்திக்கொள்ளும். 'மின்வெட்டுக்காகச் சோலார்' என்று நினைப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டு முடிவெடுக்கவேண்டும்.

இனி, செட்டிநாட்டுக்கே உரிய சிக்கல். வீட்டு இணைப்பு யார் பேரில் இருக்கிறது? பல வீடுகளில் ஐயா (தாத்தா) பேரில், சில வீடுகளில் ஐயாவுக்கும் அப்பச்சி (தகப்பனார்) பேரில் இருக்கும். அவர் காலமாகி ஒரு தலைமுறை ஆகியிருக்கும், பில் மட்டும் அவர் பெயரில் வந்துகொண்டிருக்கும். யாரோ ஒரு பங்காளி கட்டிக்கொண்டிருப்பார். நெட் மீட்டர் விண்ணப்பமும் மானியமும் பில்லில் உள்ள பெயரோடு ஒத்துப்போகவேண்டும். மானியம் வரும் வங்கிக் கணக்கும் அவருடையதாக இருக்கவேண்டும். ஆகவே முதலில் பெயர் மாற்றம். அதற்கு வாரிசுச் சான்று, மற்றப் பங்குதாரர்களின் ஒப்புதல். பங்குகள் பிரிந்து பிரிந்து மலேசியாவிலும் அமெரிக்காவிலும் ஆட்கள் இருக்கும் வீட்டில், கையெழுத்து வாங்குவதுதான் பேனல் மாட்டுவதை விடப் பெரிய வேலை. இணைப்பின் அனுமதிக்கப்பட்ட பளு எவ்வளவோ அதற்கு மேல் பேனல் போடவும் விடமாட்டார்கள். பழைய ஒரு கிலோவாட் இணைப்பில் மூன்று கிலோவாட் கேட்டால், பளுவை உயர்த்தப் பணம் கட்டிவிட்டு வரச் சொல்வார்கள். இரண்டையும் முடித்துவிட்டுக் கம்பெனிக்காரரைக் கூப்பிடுவது நல்லது.

பேட்டரி

நியூசிலாந்தின் ஆளுகையில் உள்ள டோக்கெலாவ் மூன்று பவளத்தீவுகள், ஆயிரத்து ஐந்நூறு பேர். 2012-இல் 4,032 பேனலும் 1,344 பேட்டரியும் வைத்து டீசலிலிருந்து வெளியே வந்தார்கள். அமெரிக்கச் சமோவாவின் டாவு தீவில் அறுநூறு பேருக்குள்தான், 2016-இல் 1.4 மெகாவாட் சோலாரும் 6 மெகாவாட்-மணி பேட்டரியும் வந்தன, மூன்று நாள் வெயில் இல்லாவிட்டாலும் தாங்கும் என்றார்கள். இரண்டும் நல்ல முடிவுகள். நடுக்கடலில் டீசல் கப்பலை எதிர்பார்த்துக் கிடந்த ஊருக்கு இதைவிட விடுதலை வேறென்ன. ஆனால் அந்தப் பேட்டரிக்கு வெளியிலிருந்து பணம் வந்தது, வேறு லைன் எதுவும் அவர்கள் கரைக்கு வரவில்லை. இந்த இரண்டும் நமக்குப் பொருந்தாது.

நம்முடைய நிலைக்கு நெருக்கமான உதாரணம் பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. யாழ்ப்பாணத்து நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்கும் இந்திய அரசின் நிதியுதவியில் கலப்பு மின்திட்டத்துக்கு 2024 மார்ச்சில் ஒப்பந்தம் போட்டார்கள். சோலார், காற்று, பேட்டரி மூன்றும் உண்டு. அவற்றோடு டீசல் ஜெனரேட்டரும் உண்டு, ஆபத்துக்கு உதவ. அந்த அடக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. நூற்றுக்கு நூறு என்று பிடிவாதம் பிடித்தால் கடைசிப் பத்து சதவீதத்துக்குத்தான் பாதிப் பணம் போகும். வருடத்தில் சில மழைநாட்களுக்காகப் பேட்டரியைப் பெருக்குவதை விட, அந்தச் சில நாட்களுக்கு ஒரு ஜெனரேட்டர் ஓடிவிட்டுப் போகட்டும்.

வீட்டளவில், பேட்டரி எதற்கு என்று முதலில் தீர்மானிக்கவேண்டும். நாலு ஃபேன், எட்டு பல்பு, வைஃபை, ஒரு ஃபிரிட்ஜ்; இவ்வளவுதான் மின்வெட்டில் அவசியம். மோட்டார், கீசர், ஏசி, கிரைண்டர் காத்திருக்கலாம். இந்த அவசியமானவற்றை மட்டும் தனி வயரில் பிரித்துக்கொண்டு வந்தால் 5 யூனிட் கொள்ளும் பேட்டரி ஓர் இரவுக்குப் போதும். பழைய ஃபேன் 70, 75 வாட் இழுக்கும். இப்போது வரும் பிஎல்டிசி ஃபேன் 30 வாட்டில் ஓடும். வளவைச் சுற்றி பத்து ஃபேன் இருக்கிற வீட்டில் அதை மாற்றினாலே பேட்டரி பாதியாகிவிடும். பேனலுக்கு முன் ஃபேனை மாற்றுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது அதனால்தான்.

இன்வெர்ட்டர் கடைகளில் கிடைக்கும் 150 ஏஎச் டியூப்ளர் (ஈய) பேட்டரியில் 1.8 யூனிட் கொள்ளும். பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுசு குறையும். நாலைந்து வருடம் உழைக்கும், தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கவேண்டும். லித்தியம் பேட்டரி 5 யூனிட்டுக்கு லட்ச ரூபாய்க்கு மேல் ஆகும், பத்து வருடம் வரும், தண்ணீர் வேண்டாம். யாராவது நிரந்தரமாக இருக்கும் வீட்டுக்கு டியூப்ளர் போதும். அடிக்கடி பூட்டும் வீட்டுக்கு லித்தியம்தான். தண்ணீர் ஊற்ற ஆளில்லாத டியூப்ளர் பேட்டரி இரண்டு கோடையில் வறண்டுவிடும்.

வைக்கும் இடத்தையும் சொல்லவேண்டும். சூடுதான் பேட்டரிக்கு எமன். 25 டிகிரிக்கு மேல் பத்துப் பத்து டிகிரி ஏற ஏற ஈய பேட்டரியின் ஆயுசு பாதி பாதியாகக் குறையும். மொட்டை மாடித் தகரக் கொட்டகையில் வைப்பவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. நம் வீடுகளின் கனத்த சுவருக்குள் எந்தக் கோடையிலும் குளிர்ச்சி இருக்கிறது, அது பேட்டரிக்கு வரம். ஆனால் ஈய பேட்டரி ஹைட்ரஜன் வாயுவை விடும், அதனால் காற்றோட்டமில்லாத உள்வீட்டில் வைக்கக்கூடாது. முற்றத்தை ஒட்டிய வளவுப் பத்தி சரியான இடம். அடியில் பிளாஸ்டிக் தட்டு கட்டாயம். ஆத்தங்குடிக் கல் சிமெண்டால் ஆனது, ஆசிட் ஒரு சொட்டு விழுந்தாலும் பூவும் வண்ணமும் அரித்துப்போகும். அந்தக் கல்லை அதே நிறத்தில் இன்னொன்று வாங்கிப் பதிக்க முடியாது.

பேட்டரி பற்றிச் சந்தேகம் வந்தால் ஊரிலேயே கேட்க ஆள் இருக்கும் பாக்கியம் நமக்கு உண்டு. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடியில்தான் நிற்கிறது. அரிமானமும் பேட்டரியும் அவர்களின் தொழில்.

ஒற்றைக் காலில் நிற்காமல்

கோஸ்டாரிகாவைப் பசுமை மின்சாரத்துக்கு முன்மாதிரி என்று சொல்வார்கள். சரியான பெருமைதான், பல வருடங்கள் மின்சாரத்தில் 95 சதவீதத்துக்கு மேல் புதுப்பிக்கும் வழிகளில் வந்தது. ஆனால் அதில் பெரும்பங்கு ஆற்று நீர். எல் நீனோ வறட்சி வந்து அணைகள் இறங்கியதும் 2024 மே மாதம் மின்சாரத்தைப் பங்கிட்டுத் தரும் அறிவிப்பு வெளியிடவேண்டி வந்தது. மொரிஷியஸ் இன்னொரு பாடம். அங்கே கரும்பு வெட்டும் மாதங்களில் சக்கையை எரித்தும், மற்ற மாதங்களில் அதே கொதிகலனில் நிலக்கரியை எரித்தும் மின்சாரம் எடுக்கிறார்கள். நிலக்கரியை விட்டுவிட அரசு முடிவு செய்திருக்கிறது, ஆனால் கரும்பில்லாத மாதங்களுக்கு என்ன செய்வது என்பதுதான் அவர்களின் தலைவலி.

வீட்டுக்குக் காற்றாலை போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்களில் வீசும் காற்று நம் சமவெளியில் வீசாது. அந்தப் பணம் வீண்.

தண்ணீர் சூடாக்குவது மட்டும் தனி. பார்படோஸ் 1974-லேயே சோலார் வாட்டர் ஹீட்டருக்கு வரிச்சலுகை கொடுத்தது. இன்று அந்தத் தீவில் வீட்டுக் கூரைகளில் அது சாதாரணக் காட்சி. பேனல், பேட்டரி எதுவும் இல்லாமல் வெயிலை நேராக வெந்நீராக்கும் மலிவான வழி. விருந்தினர் தங்கும் வீட்டுக்கு இதை முதல் நாளிலேயே போடலாம். உப்புத்தண்ணீர் ஊராக இருந்தால் குழாயில் சுண்ணாம்பு படியும், வருடம் ஒரு முறை கழுவவேண்டும்.

பேனல் எங்கே உட்காரும்

சிங்கப்பூரின் மின்சாரத்தில் 95 சதவீதம் அளவுக்கு எரிவாயுவில் வருகிறது. வெயில் இருக்கிறது, இடம் இல்லை. அதனால் 2021-இல் தெங்கே நீர்த்தேக்கத்தின் மேல் 60 மெகாவாட் பேனலை மிதக்கவிட்டார்கள். 2022-இல் லாவோஸ் நீர்மின்சாரத்தைத் தாய்லாந்து, மலேசியா வழியாக வாங்கிப் பார்க்கத் தொடங்கினார்கள். இதைப் பார்த்துவிட்டு நம் ஊரணியில் மிதக்கவிடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். ஊரணி ஊர்ப் பொது. மழைநீர் வந்து சேரவும், குடிக்கவும் அதை வெட்டினார்கள். அதன் மேல் பேனல் கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

வீட்டுக் கூரைக்கு வருவோம். தெருவுக்குத் தெரு நீளும் நம் வீடுகளில் ஒரு ஏக்கர் கூரை இருப்பதுபோல் தோன்றும். ஆனால் அதில் பெரும்பகுதி அடுக்கடுக்காக வேய்ந்த நாட்டு ஓடு. முற்றத்தை நோக்கிச் சரியும் அந்தச் சரிவில்தான் மழைநீர் இறங்கிப் பித்தளைப் பீலி வழியாகக் கீழே வருகிறது. அதில் ஆணி அடித்துக் கம்பி நிறுத்தினால் ஓடு விலகும், தண்ணீர் இறங்கும், கீழே பர்மாத் தேக்கு கை மரம் இற்றுப்போகும். நாலைந்து ஓடு உடைந்தால் மாற்றத் தெரிந்த ஆட்களும் குறைந்துவிட்டார்கள். பேனலுக்காக ஓட்டைத் தொடக்கூடாது என்ற பெரியவர் சொல்லை நான் அப்படியே வழிமொழிகிறேன். முகப்பிலும் வேண்டாம். சுதைச் சிற்பங்களுக்குப் பின்னால் நீலப்பலகை எட்டிப்பார்ப்பது கண்ணுக்கு மட்டும் உறுத்தலல்ல. காலையிலும் மாலையிலும் அந்தச் சிற்பங்களின் நிழல் ஒரு பேனலில் விழுந்தாலே வரிசை முழுவதும் உற்பத்தி இறங்கிவிடும்.

பின்கட்டில் பிற்காலத்தில் கட்டிய கான்கிரீட் மொட்டை மாடி இருந்தால் அதுதான் இடம். இல்லையென்றால் தோட்டத்தில், பழைய மாட்டுக்கொட்டகை நின்ற இடத்தில், இரும்புத் தூண் நிறுத்திக் கார் நிற்கும் பந்தல்போல் போடலாம். நம் ஊர் அட்சரேகைக்குத் தெற்குப் பார்த்துப் பத்து டிகிரி சாய்வு போதும். பந்தலில் விழும் மழையையும் பீலி கட்டிக் கிணற்றுக்கே விடுங்கள்.

அஸ்திவாரத்தில் மிச்சம் பிடிக்கவேண்டாம். 2018 நவம்பர் 16 விடியலில் வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயல் புதுக்கோட்டையைத் தாண்டி நம் பக்கமும் வந்தது. லட்சத்துக்கு மேல் மின்கம்பங்கள் சாய்ந்தன, பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. லேசான அலுமினியக் கம்பியில் நாலு போல்ட் போட்டு நிறுத்திய பேனல் அந்தக் காற்றில் நிற்காது. பறந்துபோனால் விழுவது பக்கத்து வீட்டு ஓட்டின் மேல். அந்த வாரங்களில் ஐந்து யூனிட் பேட்டரியும் இரண்டு பேனலும் தனியாக ஓடும் வீடு ஒன்று தெருவில் இருந்திருந்தால் தெருவே செல்போன் சார்ஜ் போட்டிருக்கும். இபியோடு சேர்ந்த சோலாரிலேயே பேட்டரியும் வைத்து, கரண்ட் போனாலும் ஓடும் ஹைபிரிட் முறைக்கு ஆதரவாக நான் சொல்லும் பலமான வாதம் இதுதான், பில் அல்ல.

எந்த வீட்டுக்கு எது

எந்த வழியானாலும் முதல் பணம் வயரிங்குக்கு. மரச்சட்டத்துக்குள் ஓடும் பழைய வயர் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. மேல் உறை விரலால் தொட்டால் பொடியாக உதிரும். எர்த் குழி எங்கே என்று யாருக்கும் தெரியாது. அப்படிப்பட்ட வயரில் இன்வெர்ட்டரையோ சோலாரையோ சேர்ப்பது, தேக்கு நிறைந்த வீட்டில் தீயை வைத்துக்கொண்டிருப்பது. புது வயர், புது எர்த், கசிவு வந்தால் உடனே அணைக்கும் ஆர்சிசிபி. இந்த மூன்றும் முடியாமல் பேனல் பேச்சே வேண்டாம்.

பூட்டிய வீடு, வருடம் ஒரு முறை படைப்புக்குத் திறக்கும் வீடு என்றால் சோலார் வேண்டாம். இபி இணைப்பை உயிரோடு வைத்திருங்கள், விசேஷத்துக்கு ஜெனரேட்டர் வாடகைக்கு எடுங்கள். காவலுக்குக் கேமராவும் வாசல் விளக்கும் எரிய ஒரு பேனல், ஒரு சின்ன லித்தியம் பேட்டரி தனியாக இருந்தால் போதும். இந்த அளவில் மட்டும்தான் இபியோடு சேராத முறை நமக்கு அர்த்தமுள்ளது.

ஆத்தாவும் அப்பச்சியும் தங்கியிருக்கும் வீட்டில் கடைசி ஒரு வருட பில்லை எடுத்துப் பாருங்கள். 500 யூனிட்டைத் தாண்டாவிட்டால் ஃபேனை மாற்றி, நல்ல இன்வெர்ட்டரும் ஒரு டியூப்ளர் பேட்டரியும் வைத்து நிறுத்திக்கொள்ளலாம். ஏசி போட்டு, பேரப்பிள்ளைகள் வந்து, பில் எப்போதும் 500-க்கு மேல் நிற்கிறதென்றால் 3 கிலோவாட் ஆன்-கிரிட். கூட லட்ச ரூபாய் போட முடியும், புயலும் மின்வெட்டும் பயமாக இருக்கிறது என்றால் அதையே 5 யூனிட் லித்தியத்தோடு ஹைபிரிட்டாகப் போடுங்கள். வயதானவர்கள் தனியாக இருக்கும் வீட்டில் நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன். நடுராத்திரி கரண்ட் போய், இருட்டில் உயரமான நிலைப்படி தடுக்கி விழுந்தவர்களின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு முன்னால் அந்தப் பேட்டரி விலை பெரிதல்ல.

விருந்தினர் விடுதியாக்கிய வீடு வேறு கணக்கு. மானியம் இல்லை, வணிகக் கட்டணம் அதிகம், அதனால் மானியம் இல்லாமலே சோலார் கட்டுபடியாகும். ஆனால் இரவு ஏசியைப் பேட்டரியில் ஓட்டும் ஆசையை விட்டுவிடுங்கள். ஒன்றரை டன் ஏசி இரவுக்கு எட்டு யூனிட் எடுத்தால் ஐந்து அறைக்கு நாற்பது யூனிட். அதற்கான பேட்டரி விலையில் இன்னொரு அறையையே புதுப்பிக்கலாம். பகல் பளுவுக்குச் சோலார், இரவு ஏசிக்கு இபி, அது போனால் சின்ன ஜெனரேட்டர், விளக்குக்கும் ஃபேனுக்கும் பேட்டரி. விருந்தினரை வளவுத் தாழ்வாரத்தில் ஒரு மத்தியானம் உட்காரவைத்துப் பாருங்கள், ஏசியையே பாதி பேர் கேட்கமாட்டார்கள்.

எதைப் போட்டாலும் பங்காளிகள் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். பேனல் இருபத்தைந்து வருடம் இருக்கும், அதற்குள் பங்குகள் கைமாறும். இணைப்பு யார் பேரில், யார் எவ்வளவு போட்டது, மானியம் யார் கணக்குக்கு வந்தது, பங்கை விற்பவருக்குப் பேனலில் உரிமை உண்டா, மாதம் ஒரு தடவை தூசி துடைக்கும் ஆளுக்குச் சம்பளம் யார் தருவது, பத்து வருடம் கழித்து இன்வெர்ட்டர் மாற்றும் பணத்தை எந்தக் கணக்கில் சேர்ப்பது. வீட்டுப் பராமரிப்புக்கென்று பொதுக்கணக்கு ஏற்கெனவே இருக்கும் வீடுகளில் குறையும் பில் தொகையை அந்தக் கணக்கிலேயே மாதாமாதம் போட்டு வாருங்கள். இன்வெர்ட்டருக்கும், அதற்குள் விலகும் நாட்டு ஓட்டுக்கும் அதிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.